இளையோர் நலத்தில் எதை முதலில் ஆராய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பழைய மாணவர் சங்கமோ, கோயில் அறப்பணிக் குழுவோ, முதுகலை படிக்கும் ஒரு மருத்துவரோ, ‘நம் பிள்ளைகளின் உடல்நலம், மனநலம் பற்றி உருப்படியாக ஓர் ஆய்வு செய்வோம்’ என்று தொடங்குகிறார்கள். முதல் கூட்டத்திலேயே முட்டிக்கொள்கிறது. ஒருவருக்கு வேப் (மின்சிகரெட்). இன்னொருவருக்குத் தற்கொலை எண்ணம். தலைமையாசிரியருக்குக் கைப்பேசி. கிளினிக் தாதிக்கு இரத்தச்சோகை. பொருளாளருக்கு எல்லாமே முக்கியம்தான், ஆனால் ஒரே ஓர் ஆய்வுக்குத்தான் ரிங்கிட் இருக்கிறது.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள் கேட்பது, “எந்தத் தலைப்பை எடுக்கலாம்?” என்பதுதான். அதற்கு முன்னால் இன்னொரு தேர்வு இருக்கிறது: தலைப்பை எந்த முறையில் பொறுக்குவது? அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இறப்புக் கணக்கை வைத்துத் தொடங்கினால் சாலை விபத்து மேலே வரும். மருத்துவர்களிடம் கேட்டால் அவர்கள் அறைக்கு வரும் நோய்கள் மேலே வரும். பிள்ளைகளிடம் கேட்டால் தூக்கம், கேலி, பள்ளிக் கழிப்பறை என்று வேறு உலகம் திறக்கும். முறையைத் தேர்ந்தெடுத்த அன்றே விடையில் பாதி முடிவாகிவிடுகிறது.

இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. இயன் சால்மர்ஸ், பால் கிளாசியோ இருவரும் 2009-இல் எழுதிய கட்டுரையில், உலகில் மருத்துவ ஆய்வுக்குப் போகும் முதலீட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீணாகிறது என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் முதலாவது, சம்பந்தப்பட்டவர்களுக்கு முக்கியமில்லாத கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்வது. கோடிகள் புழங்கும் இடத்திலேயே இப்படி என்றால், சில ஆயிரம் ரிங்கிட்டோடு நிற்கும் சங்கம் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பதில் தவறில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை. நம் கணக்கில், தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டு தொடங்கி எஸ்.பி.எம். முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் வரை. அந்த வயதுக்காரர்களை மனத்தில் வைத்தே மேற்கொண்டு பேசுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஐந்து போதும். இவற்றில் முதலாவதைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வியைப் பட்டியலில் சேர்க்கும் உரிமை யாருக்கு? மதிப்பெண் எப்படிப் போடுவது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பட்டியலை எழுதியது யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பட்டியலில் ஏறாத கேள்வியை எந்த நேர்த்தியான மதிப்பெண் முறையாலும் முதலிடத்துக்குக் கொண்டுவர முடியாது. 2021 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாதவிடாய் என்று சொன்ன மாணவிகளைப் பள்ளிகளில் ‘உண்மைதானா’ என்று சோதிக்கும் வழக்கம் இருந்ததை, முன்னாள் மாணவிகளும் மாணவிகளும் சமூக ஊடகங்களில் அடுக்கடுக்காக எழுதினார்கள். நாடே பேசியது. எண்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவர் யாரும் இதைத் தாமாக ஓர் ஆய்வுக் கேள்வியாக எழுதியிருக்க மாட்டார்.

செலவும் காலமும். பணத்தோடு, தொண்டர்களின் சனி ஞாயிறுகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வெளியாரிடம் காட்டினால் நிற்குமா? மானியம் தருபவர், பல்கலைக்கழக மேற்பார்வையாளர், மாநில சுகாதாரத் துறை அதிகாரி என யார் கேட்டாலும், ‘இதை ஏன் எடுத்தீர்கள்’ என்பதற்கு ஒரு பக்கத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொடும்போது வரும் அனுமதியும் பொறுப்பும். இதைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். காலம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.

கையில் பிடிக்கக்கூடிய கேள்வி கிடைக்குமா? ‘வேப்’ என்பது வெறும் தலைப்பு. ‘பினாங்கின் செபராங் பிறையில் படிவம் 2 மாணவர்கள் வேப் கருவியை யாரிடமிருந்து பெறுகிறார்கள், 2024 அக்டோபரில் புதிய கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபின் அந்த வழி மாறியிருக்கிறதா?’ என்றால் அது கேள்வி. சில முறைகள் உங்களைத் தலைப்போடு நிறுத்திவிடும். சில, கேள்வி வரை கொண்டுபோகும்.

## வழி 1: எண்கள் சொல்வதைக் கேட்பது

அரசின் தரவை எடுத்து, எது அதிகம் பாதிக்கிறதோ அதையே முதலில் ஆராய்வது. எளிமையானது, நேர்மையாகவும் தோன்றும்.

இதற்கு வேண்டிய தரவு நம் நாட்டில் தாராளமாகவே இருக்கிறது. தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு 1986-இல் தொடங்கியது. சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதாரக் கழகம் அதை நடத்துகிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கென்று 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் தனிச் சுற்றுகள் நடந்தன. 2022 சுற்றில் 239 பள்ளிகளைச் சேர்ந்த 33,523 மாணவர்கள் பதில் எழுதினார்கள். சிகரெட் பிடித்தவர்கள் 2017-இல் 13.8 விழுக்காடு, 2022-இல் 6.2. அதே ஐந்தாண்டில் வேப் 9.8-லிருந்து 14.9-க்கு ஏறியது. மனச்சோர்வு அறிகுறி நால்வரில் ஒருவருக்கு. தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றவர்கள் 13.1 விழுக்காடு. அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு பேர் சில மாலைகள் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். மேலதிகாரியிடம் காட்டினால் மறுபேச்சு வராது.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன?

முதலில் ஒரு கணக்கு. 33,523 பேரை மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டாயிரம் சொச்சம் பேர். பினாங்கு இந்திய மாணவர்களை மட்டும் பிரித்தால் தோராயமாக இருநூறு பேர் தேறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேரில் 13 விழுக்காடு என்று ஓர் எண் வந்தால், அதன் உண்மையான அளவு 8-ஆகவும் இருக்கலாம், 18-ஆகவும் இருக்கலாம். பள்ளி பள்ளியாக மாதிரி எடுப்பதால் இடைவெளி இன்னும் விரியும். அதிலிருந்து படிவம் 4 மாணவிகளை மட்டும் பிரித்தால் எண் என்று சொல்லவே எதுவும் மிஞ்சாது. தேசிய ஆய்வு நாட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் தெருவுக்கு அதில் விடை தேடினால் குறை நம்முடையது.

அடுத்து, அங்கே இல்லாதவர்கள். பள்ளியில் நடத்தும் ஆய்வில் பள்ளியை விட்டவன் வருவதில்லை. படிவம் 3-லேயே நின்றுவிட்டுக் கார் கழுவும் கடைக்கும் பிறை தொழிற்பேட்டைக்கும் போன பையன் எந்த வினாத்தாளிலும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும் 11, 12 வயதுப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிச் சுற்றுகளில் வருவதில்லை. நம் சமூகத்தில் நாம் கவலைப்படும் பலர் இந்த இரண்டு ஓரங்களிலும்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் ஆழமானது. பாதிப்பு பெரியது என்பதாலேயே ஆய்வுத் தேவையும் பெரியது என்று ஆகிவிடாது. மலேசியாவில் 15 முதல் 40 வயதுக்குள் இறப்பவர்களில் சாலை விபத்து பல ஆண்டுகளாக முன்னணிக் காரணம். சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிள்காரர்கள். அதற்காக ஹெல்மெட் உயிரைக் காக்குமா என்று இன்னோர் ஆய்வு தேவையா? விடை தெரிந்த கேள்வி அது. நமக்குத் தெரியாதது வேறு: லைசென்ஸ் இல்லாத 15 வயதுப் பையன் தாமான் சாலையில் டியூஷனுக்குப் போக மோட்டார் சாவியை வீட்டில் யார் தருகிறார்கள், மறுத்தால் அவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? எண்கள் ‘விபத்து’ என்ற தலைப்பு வரை கூட்டிப்போய்விட்டு நின்றுகொள்ளும். இந்தக் கேள்வியை எழுத மனிதர்கள் வேண்டும்.

இன்னொன்று, வெவ்வேறு சுற்றுகளை ஒப்பிடும் முன் வினாக்களும் அளவிடும் கருவியும் ஒன்றேதானா என்று பின்னிணைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்புச் செய்திகள் அதைப் பார்ப்பதில்லை.

இது பொருந்தும் சூழல்: முதல் முறையாக இறங்குகிறீர்கள், பணம் மிகக் குறைவு, பிள்ளைகளை நேரில் சந்திக்க இன்னும் வழியில்லை, அல்லது அதிகாரிகளை முதலில் ஒத்துக்கொள்ளவைக்க வேண்டியிருக்கிறது.

## வழி 2: வல்லுநர்கள் மதிப்பெண் போடுவது

உலக அளவில் ஆய்வு முன்னுரிமை என்றால் இப்போது அதிகம் கையாளப்படுவது சி.எச்.என்.ஆர்.ஐ. (குழந்தை நல, ஊட்டச்சத்து ஆய்வு முனைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற முறை. இகோர் ருடானும் உடன் ஆய்வாளர்களும் குழந்தை நல ஆய்வுக்காக 2000-களில் வடிவமைத்தார்கள். பிறகு மற்றத் துறைகளும் எடுத்துக்கொண்டன.

செய்முறை எளிது. துறை அறிந்த பலரிடம் ஆளுக்குச் சில ஆய்வுக் கேள்விகள் கேட்டு வாங்குகிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பட்டியலாக்கி, அதே ஆட்களுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கோணங்கள்: விடை காண முடியுமா, கிடைக்கும் தீர்வு பலன் தருமா, அதை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியுமா, நோய்ச்சுமை எவ்வளவு குறையும், ஏழை எளியவருக்கு நியாயமாகப் போய்ச் சேருமா. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, இரண்டும் கெட்டான் என்றால் 0.5. எல்லாவற்றையும் சராசரி எடுத்து நூற்றுக்கு இத்தனை என்று வரிசைப்படுத்துகிறார்கள்.

கூட்டம் போட வேண்டாம், சாப்பாடு, வாடகை வேண்டாம். மின்னஞ்சலும் எக்சலும் போதும். உரத்துப் பேசும் பேராசிரியர் மற்றவர்களை அமுக்கவும் முடியாது, ஏனென்றால் எல்லோரும் தனித்தனியாகப் போடுகிறார்கள். எந்தக் கேள்வி ஏன் மேலே வந்தது என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டலாம். வெளியாரிடம் நிற்பதில் இதற்கு இணை இல்லை.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கணக்குப் புரிவதற்காக நானே இட்டுக்கட்டிய எண்களோடு ஓர் எடுத்துக்காட்டு. வேப் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஐந்து கோணங்களிலும் 0.9, 0.6, 0.5, 0.7, 0.5 கிடைத்தது என்று வையுங்கள். கூட்டினால் 3.2, அதாவது 64 மதிப்பெண். மாதவிடாய் வலியால் பள்ளிக்கு வராத நாள்களைப் பற்றிய கேள்விக்கு 0.9, 0.8, 0.8, 0.3, 0.9. கூட்டினால் 3.7, அதாவது 74. மாதவிடாய்க் கேள்வி தெளிவாக முந்துகிறது. இப்போது குழுத் தலைவர், ‘நோய்ச்சுமைதானே முக்கியம், அதற்கு மும்மடங்கு எடை போடுவோம்’ என்கிறார். வேப் 66 ஆகிறது, மாதவிடாய் 61-க்கு இறங்குகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றவில்லை. எடை மட்டும் மாறியது. ஆகவே இந்த வழியில் போனால், எடை போடுவதா வேண்டாமா என்பதை மதிப்பெண் வரும் முன்னரே தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள். வந்தபின் பேசினால் அது முன்னுரிமை நிர்ணயம் ஆகாது, விரும்பிய விடைக்குக் காரணம் தேடுவதாகத்தான் முடியும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு ஆள்கணக்கு. இந்த முறையைச் சோதித்தவர்கள், 45 முதல் 55 பேர் மதிப்பெண் போட்டால் வரிசை நிலைத்துவிடுகிறது என்று கண்டார்கள். மலேசியாவில் இளையோர் நலமும் தெரிந்து, தமிழ்ச் சமூகமும் தெரிந்த ஐம்பது பேரைத் தேடிப் பாருங்கள். மனநல மருத்துவர், குழந்தை மருத்துவர், பல்கலைக்கழகத்தார் என்று எடுத்தால் இருபதைத் தாண்டுவதற்குள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்களாக இருப்பார்கள். அதற்கு மாற்று, ‘வல்லுநர்’ யார் என்பதை விரிப்பது. பள்ளி ஆலோசக ஆசிரியர், பள்ளிச் சுகாதாரக் குழுத் தாதி, சமூகநல அலுவலர், நாள்தோறும் இளைஞர்களோடு நிற்கும் விளையாட்டுப் பயிற்றுநர் என எல்லோரையும் சேர்க்கலாம். சேர்த்தால் இந்த முறை நன்றாகவே ஓடும்.

எவ்வளவு விரித்தாலும், பதினைந்து வயதுக்காரர் மட்டும் இதில் வருவதில்லை. அதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

டெல்ஃபி முறையைப் பற்றியும் கேட்பார்கள். பெயர் மறைத்துப் பல சுற்றுகள் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு சுற்றின் முடிவையும் காட்டி, கருத்துகள் நெருங்கிவரும் வரை தொடர்வது. அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் 1950-களில் உருவானது. நம் தேவைக்கு அது இந்த இரண்டாம் வழியின் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாம் சுற்றுக்குள் பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிடும் அபாயம் கூடுதல். தனிப் பிரிவு அதற்குத் தேவையில்லை.

இது பொருந்தும் சூழல்: கோலாலம்பூரில் இருக்கிறீர்கள், மலாயாப் பல்கலைக்கழகமோ அமைச்சோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, முடிவைக் கட்டுரையாக வெளியிடவோ பெரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கவோ போகிறீர்கள்.

## வழி 3: பிள்ளைகளையும் பெற்றோரையும் மேசைக்குக் கூப்பிடுவது

பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் வழி இது. 1747-இல் கப்பலில் ஸ்கர்வி நோயாளிகளுக்கு வெவ்வேறு உணவு கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூவரும் சம உரிமையோடு உட்கார்ந்து விடை தெரியாத முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் எல்லோரிடமும் கேள்வி திரட்டுதல், பிறகு ஏற்கெனவே விடை இருக்கிறதா என்று பார்த்து நீக்குதல், பிறகு ஒரு சுற்று வாக்கெடுப்பு, கடைசியில் இருபது முப்பது பேர் ஒருநாள் உட்கார்ந்து வரிசைப்படுத்துதல். முழுவதும் செய்தால் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும்.

முதல் அளவுகோலில் இது மற்ற மூன்றையும் விட்டு வெகுதூரம் முன்னால் போகிறது. கேள்வியை எழுதுகிறவர் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர். ‘இரவு ஒரு மணிக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு என்ன ஆகிறது’, ‘ஆலோசக ஆசிரியரிடம் சொன்னது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எத்தனை பேரை வாய் மூட வைக்கிறது’ போன்ற கேள்விகள் இப்படித்தான் பிறக்கும். இரண்டாவது கேள்வியை மறுபடி படியுங்கள். மனநலச் சேவை இருந்தும் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதற்கான சாவி அதற்குள் இருக்கக்கூடும்.

இப்போது செலவைப் பார்ப்போம். இந்த வழியில்தான் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் அதிகம்.

பள்ளிக்குள் போய் ஆய்வு செய்ய வேண்டுமானால் கல்வி அமைச்சின் இ-ராஸ் என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பம், பிறகு மாநிலக் கல்வித் துறை, பிறகு தலைமையாசிரியர். அரசு கிளினிக் அல்லது மருத்துவமனை வழியாகப் போனால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி. பல்கலைக்கழகங்களுக்குத் தத்தம் நெறிக்குழு உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் சம்மதம், அதோடு பிள்ளையின் சொந்த ஒப்புதல். ‘இது வெறும் கலந்தாலோசனை, ஆய்வே இல்லை, அனுமதி எதற்கு’ என்று சிலர் சொல்வார்கள். பிரிட்டனில் அந்த வாதம் பெரும்பாலும் செல்லும். இங்கே, பிள்ளைகள் சொன்னதைப் பின்னால் வெளியிடும் எண்ணம் இருந்தால், நெறிக்குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவதே நல்லது. ஒரு கடிதத்தில் முடியும் வேலை அது.

அடுத்தது, பிள்ளை வாய் திறந்தால் என்ன செய்வது? பதினான்கு வயதுப் பெண் கூட்டத்தின் நடுவே தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால், ‘அதைப் பட்டியலில் சேர்ப்போம்’ என்று அடுத்த கேள்விக்குப் போக முடியாது. 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் பற்றித் தெரியவந்தவர் தகவல் தர வேண்டிய கடமை உண்டு. ஆகவே கூட்டம் தொடங்கும் முன்பே மூன்று விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும்: பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் அறையில், தனியாகப் பேச இன்னோர் அறை, ‘எதை எங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது’ என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லும் நேர்மை. தாலியான் காசிஹ் என்ற உதவி எண் 15999, மனநல உதவி எண் 15555 இரண்டையும் சுவரில் ஒட்டிவையுங்கள். தற்கொலை முயற்சி இப்போது குற்றம் இல்லை, 2023-இல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெற்றோரிலேயே பலருக்கு அது தெரியாது.

பிறகு, யார் முன்னால் யார் பேசுவார்கள் என்ற விஷயம். கோயில் தலைவரும் தலைமையாசிரியரும் சித்தப்பாவும் உட்கார்ந்திருக்கும் மேசையில் படிவம் 3 மாணவி வேப் பற்றிப் பேசமாட்டாள், மாதவிடாய் பற்றி நிச்சயம் பேசமாட்டாள். சம உரிமை என்று தாளில் எழுதிவிட்டால் சம உரிமை வந்துவிடாது. பெண் பிள்ளைகளைத் தனியாக, ஆண் பிள்ளைகளைத் தனியாக, பெற்றோரைத் தனியாக முதலில் சந்தித்து, அவரவர் கேள்விகளைப் பெயரில்லாமல் தாளில் வாங்கி, கடைசிக் கூட்டத்தில் மட்டும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். தாள்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும், மலாயில் எழுதத் தயங்கும் அம்மாக்களும் ஒரே அறையில் இருப்பார்கள்.

பள்ளியை விட்டவர்களைப் பிடிக்கப் பள்ளி உதவாது. அதற்கு உறுமி மேளக் குழுக்களையும் ஃபுட்சால் அணிகளையும்விட நல்ல வாசலை நான் பார்க்கவில்லை. பினாங்கின் பாகான் டாலாமிலோ கோலாலம்பூரின் செந்தூலிலோ அந்தக் குழுவின் அண்ணனிடம் பேசினால் பத்துப் பையன்கள் ஒரே நேரத்தில் வந்து உட்காருவார்கள். வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள், அன்றைய கூலியை ஈடுகட்ட வேண்டும். பஸ் காசும் சாப்பாடும் சேர்த்து பட்ஜெட்டில் எழுதுங்கள். தைப்பூச வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள். தண்ணீர்மலையில் இருப்பார்கள் எல்லோரும்.

விடை ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் படியைச் சிறு குழுக்கள் விட்டுவிடுகின்றன. நூலகத் தேடல் தெரிந்த ஒரு முதுகலை மாணவரைச் சேர்த்துக்கொண்டால் போதும். மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2012-இல் கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக்கைச் சேர்ந்த 13 வயது மாணவர்களைச் சேர்த்து, சில ஆண்டுகள் தொடர்ந்து பின்பற்றிய ஆய்வு ஒன்று இருக்கிறது. உணவு, எடை, உடற்பயிற்சி பற்றிய பல கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கலாம். பினாங்கு அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இது பொருந்தும் சூழல்: சமூகத்தோடு நெருக்கம் இருக்கிறது, காலம் இருக்கிறது, ஆலோசகர் ஒருவர் உடன் நிற்கிறார், முடிவு வந்தபின் அதே பிள்ளைகளிடம் திரும்பிப் போய்ச் சொல்லும் எண்ணம் உண்மையாகவே இருக்கிறது. கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

## வழி 4: உலகப் பட்டியலை எடுத்துக்கொள்வது

உலகச் சுகாதார நிறுவனம் சார்ந்த ஆய்வாளர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கான இளையோர் நல ஆய்வு முன்னுரிமைகளை 2016-இல் வெளியிட்டார்கள். தொற்றுநோய், காயமும் வன்முறையும், மனநலம், தொற்றாநோய், ஊட்டச்சத்து, உடலியக்கம், போதைப்பொருள், சுகாதாரக் கொள்கை என எட்டுத் துறைகள். நாம் இரண்டாம் வழியில் பார்த்த மதிப்பெண் முறையில்தான் தொகுத்தார்கள். வேலை முடிந்து கையில் கிடைக்கும் பட்டியல், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மேற்கோள் காட்டினால் மதிப்பு உண்டு.

ஆனால் பல கண்டங்களுக்கும் பொதுவாக எழுதிய கேள்வியில் பாகான் டாலாமைத் தேட முடியாது. பட்டியலை எழுதியவர்களில் இளையோரின் பங்கும் குறைவு. மறந்துவிட்ட துறை ஏதும் உண்டா என்று சரிபார்க்கும் தாளாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது பொருந்தும் சூழல்: விண்ணப்பக் கெடு அடுத்த வாரம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எண்கள் | வல்லுநர் மதிப்பெண் | ஒரே மேசை | உலகப் பட்டியல் |
|---|---|---|---|---|
| கேள்வியைச் சேர்ப்பவர் | வினாத்தாள் எழுதியவர் | துறை சார்ந்தவர் | இளையோர், பெற்றோர், சேவையாளர் | எங்கோ இருக்கும் வல்லுநர் |
| பணம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | இல்லை |
| காலம் | சில நாள் | சில மாதம் | ஓர் ஆண்டும் அதற்கு மேலும் | ஒரு நாள் |
| வெளியாரிடம் நிற்பது | வலு | மிக வலு | நடைமுறையை எழுதிவைத்தால் வலு | ஓரளவு |
| அனுமதி, பாதுகாப்புச் சுமை | இல்லை | குறைவு | கனம் | இல்லை |
| உள்ளூர்க் கேள்வி கிடைப்பது | தலைப்போடு நிற்கும் | ஆள்களைப் பொறுத்தது | ஆம் | இல்லை |
| விட்டுப்போகிறவர் | பள்ளியை விட்டவர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் | இளையோர் | கூட்டத்துக்கு வர முடியாதவர் | நாம் எல்லோரும் |

## யாருக்கு எது

முதுகலை, முனைவர் மாணவர் என்றால் இரண்டாம் வழி. மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்வார், ஓர் ஆண்டுக்குள் முடியும். கேள்வி திரட்டும் கட்டத்தில் மட்டும் இருபது முப்பது இளையோரின் கேள்விகளையும் பட்டியலில் சேர்க்க நெறிக்குழுவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். முறையின் பெரிய குறை அதிலேயே பாதி தீரும்.

மருத்துவமனை சார்ந்த குழு என்றால் முதலாம் வழியில் தொடங்குவது இயல்பு. கண்முன் வரும் நோயாளிகள்தான் ஊர் முழுவதும் என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து அங்கே இருக்கிறது. தேசிய எண்கள் அதைத் திருத்தும்.

சங்கம், கோயில் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்றால் நான் மூன்றாம் வழியின் சிறிய வடிவத்தைத்தான் சொல்வேன், அதுவும் பினாங்கில். தலைநகரில் வல்லுநர் கிடைப்பது எளிது, ஆனால் அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டாரே ஒருவரையொருவர் அறியாமல் இருப்பார்கள். செபராங் பிறையில் நேர்மாறு. ஐம்பது வல்லுநர் கிடைக்கமாட்டார்கள், ஆனால் நான்கு பேரிடம் சொன்னால் நாற்பது குடும்பம் வரும். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதில் சாய்ந்துகொள்ளும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கமில்லை.

சிறிய வடிவம் என்றால்: முதலில் இளையோர் தனிக் குழுக்களில் கேள்வி எழுதட்டும். அப்புறம் தேசிய எண்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள், ஏற்கெனவே விடை உள்ளவற்றை நீக்குங்கள். மிஞ்சிய பத்துப் பதினைந்துக்கு மூன்று கோணத்தில் மட்டும் மதிப்பெண்: நம்மால் விடை காண முடியுமா, விடை கிடைத்தால் யாராவது அதை வைத்து ஏதாவது செய்வார்களா, பின்தங்கியவருக்குப் பயனா. எடை வேண்டாம். மதிப்பெண் போடும் குழுவில் பாதி இளையோர்.

இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எண்களை முதலில் காட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டால், அவர்கள் எண்களையே உங்களுக்குத் திருப்பிச் சொல்வார்கள். எதிர்பார்ப்பைக் கண்டுபிடித்து ஒப்புவிப்பதில் நம் பள்ளிகள் அவர்களை நன்றாகவே பழக்கியிருக்கின்றன.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை வெறும் சங்கக் கோப்பில் வைத்துவிடாமல் மூன்று இடங்களுக்கு அனுப்பலாம்: தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் உள்ள பல்கலைக்கழகத் துறைக்கு, மாநில சுகாதாரத் துறைக்கு, பொதுச் சுகாதாரக் கழகத்துக்கு. மாணவர் ஆய்வு 2012, 2017, 2022 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. அதே இடைவெளி நீடித்தால் அடுத்தது 2027. தேசிய வினாத்தாள் களத்துக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடும், அதனால் உங்கள் பட்டியலிலிருந்து இரண்டு கேள்வியாவது அதில் இடம்பெற வேண்டும் என்று விரும்பினால் கடிதம் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.